வாத்துகளை உட்கார வைத்த குழல்

கம்பளத்திலிருந்து வாத்துகள் எழுந்து நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. மேல்செங்கானூரில் அதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் செவ்வாய் அங்கே சந்தை நாள், சந்தை நாளில் தெருவில் எது நடந்து போனாலும் அது விற்கத்தான் வந்திருக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம், அதனால் முதல் வாத்து கல்யாண மண்டபத்து வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும் இரண்டு பேர் அதன் விலையைத்தான் கேட்டார்கள்.

விலை சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் சம்பூர்ணம். அவள் கையில் இன்னும் குழல் இருந்தது, குழலின் வாயிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சம்பூர்ணத்தின் தொழில் கம்பளம் கழுவுவது. பாலாற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிற மண்டபங்கள், லாட்ஜுகள், இரண்டு சினிமாக் கொட்டகைகள் என்று எந்தத் தரையில் எந்தக் கறை எந்த வருடம் விழுந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். அரை ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், அவை போய்ச் சேருகிற இடத்தில் இடுப்புயரத்துக்கு வளைந்த ஒரு குழல், அதுதான் அவளுடைய ஆயுதம். குழலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குத் தட்டையான வாய் உண்டு. கைப்பிடியில் இருக்கிற விசையை அழுத்தினால் அந்த வாய் வெந்நீரைப் பீச்சும். பின்னால் இழுத்தால் அதே வாய் அழுக்கையும் தண்ணீரையும் உறிஞ்சி இயந்திரத்தின் வயிற்றுக்கு அனுப்பும். தண்ணீரோடு ஒரு இழுப்பு, தண்ணீரில்லாமல் இரண்டு இழுப்பு. முதல் இழுப்பில் இழை எழுந்து நின்று குளிக்கும், அடுத்த இரண்டில் அது திரும்பித் தன் இடத்தில் உட்காரும். பதினாறு வருடமாக அவள் இந்தக் கணக்கு தவறியதில்லை. பதினாறு வருடமாக ஒரே குழல் என்பதால் அதன் வாயில் இடது மூலை தேய்ந்து, இழுத்த இடத்திலெல்லாம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மங்கல் கோட்டை விட்டுக்கொண்டே வந்தது என்பதும் உண்மை.

"உன் குழலுக்குப் பல்லு போயிடுச்சும்மா," என்பார் மண்டபத்து மேனேஜர் குப்புராஜ். தன் பெண் பூங்கோதைக்குக் கல்யாணம் அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று ஆனதும் அவர் சும்மா இருக்கவில்லை, சென்னையிலிருந்து ஒரு விற்பனையாளரை வரவழைத்தார். ஜோயல் என்ற அந்த இளைஞர் இரண்டு புதுக் குழல்களை நீளமான உறையில் போட்டு, நாகசுரம் கொண்டு வருகிறவர்போல் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கினார். நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியது சம்பூர்ணத்தின் பொறுப்பு, பழையதை இனி மண்டபத்துக்குள் கொண்டு வரக் கூடாது என்பது மேனேஜரின் கட்டளை.

மண்டபத்துக் கம்பளத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மணமேடைக்கு முன்னால் இருபதடிக்கு நாற்பதடி விரிந்து கிடக்கிற அந்தக் கம்பளம் முழுக்க நீல நூலில் தண்ணீர், தண்ணீரில் பச்சைப் பாசி, பாசிக்கு நடுவே மஞ்சள் அலகு வைத்த வாத்துகள். நெய்தவர் எத்தனை வாத்து என்று யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் வந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண் கம்பளத்தின் இந்தப் பக்கமும் மாப்பிள்ளை அந்தப் பக்கமும் உட்கார்ந்து, நாகசுரக்காரர் ஒரு பாட்டு வாசித்து முடிப்பதற்குள் வாத்துகளை எண்ண வேண்டும். முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாக எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அறுபது வருடத்தில் ஒரு ஜோடிக்குக்கூட எண் ஒத்துப்போனதில்லை. ஒத்துப்போகாததால் மண்டபம் சிரிக்கும், சிரித்த பிறகுதான் பந்திக்கு இலை விழும். சிரிக்காமல் பந்தியில் உட்காருவது மேல்செங்கானூரில் சாவு வீட்டு வழக்கம்.

இப்படி அந்த ஊரில் கல்யாணமான ஒவ்வொருவருக்கும் சாகும்வரை ஒரு எண் உண்டு. சம்பூர்ணத்தின் எண் முப்பத்தேழு. அவள் புருஷன், இயந்திரத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற தனபாலின் எண் முப்பத்தெட்டு. இருபத்துமூன்று வருடமாக அவர்கள் வீட்டில் ரசத்தில் உப்பு என்று தொடங்குகிற சண்டையும், டீசல் போட மறந்தது என்று தொடங்குகிற சண்டையும் கடைசியில் முப்பத்தேழிலும் முப்பத்தெட்டிலும் வந்துதான் நிற்கும்.

ஜோயல் முதல் குழலை உறையிலிருந்து எடுத்தார். அலுமினியம், நான்கு துளை, இரண்டு சாண் அகல வாய்.

"மேடம், இதுக்கு ஒரே இழுப்பு போதும். யானை தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கும்."

"வெறும் இழுப்பு ரெண்டு இழுக்கணுமே தம்பி?"

"அதெல்லாம் பழைய மெஷினுக்கு மேடம். இதுல இழுத்தா வெறும் இழுப்புக்கு உறிஞ்ச அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது."

கம்பளம் பெரியது, நாள் குறைவு, குழலோ கையில் பூப்போல் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகச் சம்பூர்ணம் வெறும் இழுப்பை விட்டுவிட்டாள். கம்பளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தண்ணீரோடு ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தபோது, நீலம் புது நீலமாக இருந்தது, பாசி புதுப் பாசியாக இருந்தது, ஓரத்திலிருந்த வாத்து கழுத்தை நீட்டி, அறுபது வருடத் தூசியை ஒரு சிலுப்பில் உதறிவிட்டு எழுந்து நின்றது. அதைப் பார்த்து அடுத்தது. அதைப் பார்த்து அடுத்தது. எழுந்த இடத்தில் ஓட்டை எதுவும் இல்லை. குளத்தில் வாத்து நகர்ந்ததும் தண்ணீர் மூடிக்கொள்வதுபோல் நீல நூல் மூடிக்கொண்டது.

"ஏ சம்பூர்ணம், வாத்து போவுது பாரு," என்றான் தனபால்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கதவைச் சாத்துய்யா."

"எந்தக் கதவை? பந்திக் கதவையா, வாசக் கதவையா?"

அதை அவர்கள் பேசி முடிப்பதற்குள் வாத்துகள் வாசக் கதவைத் தாண்டியிருந்தன.

அன்று மாலைக்குள் ஊர் அவற்றுக்குப் பழகிவிட்டது. கம்பளி வாத்துகள் தவிட்டைத் தொடவில்லை, நெல்லைத் தொடவில்லை. தையல்காரர் ஹபீப் பாய் கடைக்குப் போய்த் தையல் இயந்திரத்துக்கு அடியில் கிடந்த நூல் துண்டுகளைத் தின்றன. "நாப்பது வருசமா நான் கூட்டாத கடையை இதுங்க கூட்டிடுச்சு," என்று அவர் சந்தோஷப்பட்டார். ஒன்று ரேஷன் கடை வரிசையில் நின்று, முறை வந்ததும் மூட்டை கட்டுகிற சணலை வாங்கிக்கொண்டு போனது. கால்நடை மருத்துவர் ஒன்றைப் பிடித்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது, மற்றபடி ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவை முட்டையிட்டன. முட்டை என்பது உள்ளங்கையளவு நூலுருண்டை, நீலம் சில, மஞ்சள் சில. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் அவற்றை எடுத்துப் போய்ப் பின்ன ஆரம்பித்தார்கள், எதைப் பின்னினாலும் கழுத்துப் பக்கம் மட்டும் சற்று நீளமாகவே வந்தது.

கஷ்டம் ஏரியில்தான் இருந்தது. அறுபது வருடம் தண்ணீர்மேல் இருந்த பழக்கத்தில் வாத்துகள் ஏரிக்குள் இறங்கின, இறங்கிய கொஞ்ச நேரத்தில் கம்பளி ஊறி, ஊதி, மெதுவாக முழுகத் தொடங்கின. ஏரிக்கரையில் அறுநூறு நிஜ வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்த கன்னியப்பன் வலையைப் போட்டு அவற்றை வாரியெடுத்துக் கரையில் குவித்தான். பெண்கள் ஒவ்வொன்றாகப் பிழிந்து, வீட்டுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டு போய்த் துணிக்கொடியில் காயப் போட்டார்கள். வாத்துகள் ஈரத்துண்டுபோல் இரண்டாக மடிந்து, தலைகீழாகத் தொங்கியபடி, கொஞ்சமும் கோபமில்லாமல் தெருவை வேடிக்கை பார்த்தன. மறுநாள் மறுபடியும் ஏரிக்குப் போயின.

எத்தனை வாத்து என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது, இரண்டல்ல, அறுபது வருடத்தில் கல்யாணமான ஜோடிகள் எத்தனையோ அத்தனை பட்டது. தன் எண்தான் சரி என்று நிரூபிக்க ஒவ்வொருவரும் கொடி கொடியாக எண்ணிக்கொண்டு போனார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நாற்பத்தொன்று என்றார், அவர் மனைவி அதில் ஐந்தைக் கன்னியப்பனுடைய வாத்து என்று தள்ளினார். வாத்துகளோ எண்ணுகிறவர் பத்தைத் தாண்டும்போது இடம் மாறி நிற்கிற குணம் கொண்டவை.

இதெல்லாம் ஊருக்கு. சம்பூர்ணத்துக்கு வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தில்லாத கம்பளத்தைப் பார்த்துவிட்டுப் பூங்கோதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"எண்றதுக்கு ஒண்ணுமில்லேன்னா சிரிப்பு எங்கப்பா வரும்? சிரிக்காத பந்தியில நான் உட்கார மாட்டேன். கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க."

குப்புராஜ் நேரே சம்பூர்ணத்தின் வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, எழுப்பி விட்டது உன் கை. உட்கார வைக்கிறதும் உன் கைதான். வியாழக்கிழமை விடியறதுக்குள்ள வாத்து வரலேன்னா இந்த ஜென்மத்துல நீ மண்டபத்து வாசப்படியை மிதிக்காதே."

அவளுக்குத் தாலி ஏறிய மண்டபம் அது. முதன்முதலில் அவளை நம்பிக் கம்பளத்தைக் கொடுத்த இடமும் அது. "கொண்டு வரேன் சார்," என்று சொல்லிவிட்டாள், எப்படி என்று தெரியாமலே.

ஜோயல் ஊருக்குத் திரும்பாமல் கூடவே இருந்தார். தன் குழலால் வந்தது என்ற குற்ற உணர்ச்சி பாதி, வாத்துகளைப் பிழியக் கற்றுக்கொண்ட உற்சாகம் பாதி. சனிக்கிழமை அவர்கள் ஹபீப் பாயின் நூல் துண்டுகளைக் கம்பளத்தில் தூவி, வந்த ஒரு வாத்தை உட்கார வைத்து, அலுமினியக் குழலால் வெறும் இழுப்பு இழுத்துப் பார்த்தார்கள். யானை தண்ணீர் குடிக்கத்தான் செய்தது. வாத்தின் வால் குழலுக்குள் போய்விட்டது. அது போட்ட கூச்சலில் மற்றவை வாசலோடு திரும்பின. வாலை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து எடுத்துத் தைத்துக் கொடுக்க ஹபீப் பாய்க்கு அரை நாள் ஆனது.

திங்கட்கிழமை இரண்டாவது குழல். ஒல்லியான எஃகு, கண்ணாடிபோல் வாய், எந்த அழுக்கையும் விடாது என்று உறையிலேயே எழுதியிருந்தது. வெந்நீரின் கதகதப்புக்கு வாத்துகள் தாமாகவே வந்து நின்றன, சுகமாகக் குளித்தன. ஆனால் எஃகுக் குழல் இழுத்து முடித்த கம்பளம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் காலை வைத்ததும் வழுக்கியது. ஒவ்வொன்றாகச் சறுக்கி விழுந்து, எழுந்து, சபையில் மானம் போனவர்களைப்போல் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே நடந்தன.

கன்னியப்பன் வாசலில் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, ஆஸ்பத்திரித் தரை மாதிரி பண்ணி வெச்சா வாத்து எப்படிக்கா உட்காரும்? ஊசி போடுவாங்களோன்னு பயப்படாது?"

"இதைவிட அழுக்கா எப்படிடா கழுவறது? இருக்கறதிலேயே நல்ல குழல் இதுதானாம்."

"நல்ல குழல்னு ஆரு சொன்னது, வாத்தா?"

சம்பூர்ணம் எஃகுக் குழலைக் கழற்றி உறையில் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை கொல்லையில் தொங்கிய வாத்துகளைத் திருப்பிப் போடப் போனவள் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். தொங்கிய மூன்று வாத்துகளும் தெருவைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பத்தில் அலகை உரசிக்கொண்டிருந்தன. கம்பம் என்று தனபால் நட்டு வைத்திருந்தது அவளுடைய பழைய குழலை.

"இதை ஏன்யா இங்க நட்டே?"

"உனக்குதான் புதுசு வருதே. பழசை வீணாக்கக் கூடாதுன்னு நட்டேன்."

அவள் அதைப் பிடுங்கியெடுத்தாள். கொடி சரிந்து மூன்று வாத்துகளும் மண்ணில் விழுந்தன. விழுந்தவை ஓடவில்லை, அவள் பின்னாலேயே வந்தன.

தேய்ந்த மூலை விடுகிற அழுக்கு ஏரி அழுக்காகவே இருக்கட்டும் என்று அவள் சொல்ல, ஜோயலும் கன்னியப்பனும் ஏரித் தண்ணீரை, அடியில் கொஞ்சம் வண்டலோடு, குடம் குடமாகக் கொண்டு வந்து கம்பளத்தில் ஊற்றினார்கள். தனபால் இயந்திரத்தை ஓட விட்டான். சம்பூர்ணம் பழைய குழலைப் பொருத்தி, தண்ணீரோடு ஒரு இழுப்பு இழுத்தாள். அது சகதியை எடுத்துவிட்டு ஈரத்தை விட்டது, கறையை எடுத்துவிட்டு வாசனையை விட்டது, தேய்ந்த மூலை போன இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஏரியை அப்படியே விட்டது. முதல் வாத்து அந்தக் கோட்டின் ஓரத்தில் நின்று மோந்து பார்த்தது. பிறகு காலை மடக்கி உட்கார்ந்தது. கழுத்திலிருந்து வால்வரை அவள் வெறும் இழுப்பு ஒன்று இழுத்தாள், வாத்து கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது இழுப்பு இழுத்தாள், வாத்து கம்பளமாகிவிட்டது.

அதன் பிறகு அவை வரிசையில் வந்தன, செவ்வாய் மாலை வந்தன, புதன் காலை வந்தன, ஹபீப் பாய் கடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் கொடிகளிலிருந்தும் வந்தன, போஸ்ட்மாஸ்டரின் மனைவி ஒன்றைப் புடவைத் தலைப்பில் துடைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீரோடு ஒரு இழுப்பு, தண்ணீரில்லாமல் இரண்டு இழுப்பு. தண்ணீரோடு ஒரு இழுப்பு, தண்ணீரில்லாமல் இரண்டு இழுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் கம்பளத்தை எண்ணினால் விளையாட்டு கெட்டுவிடும் என்று ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையில் நின்றது. சம்பூர்ணத்தால் மட்டும் திரும்ப முடியவில்லை. எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் கை எண்ணிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை மதியம் வரிசை தீர்ந்தது. கன்னியப்பன் ஏரியைச் சுற்றி வந்து, அங்கே மிச்சமிருப்பதெல்லாம் தவிடு தின்கிற வாத்துதான் என்றான். ஜோயல் குழாய்களைச் சுருட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"மேடம், கம்பெனிக்கு எழுதணும். எந்தக் குழல் பெஸ்ட்னு போடட்டும்?"

"பதினாறு வருஷம் தேய்ச்சு, அப்புறம் விக்கச் சொல்லுப்பா. வாங்கிக்கிறேன்னு போடு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தனபால் வாழையிலை ஏற்றி வரக் குட்டியானையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மண்டபத்தில் சம்பூர்ணம் தனியாக நின்றாள், முன்னால் கம்பளம், கம்பளத்தில் வாத்துகள், முப்பத்தேழு. சரியாக முப்பத்தேழு. இருபத்துமூன்று வருடம் அவள் சொன்னது. அவன் வரட்டும், இலைக்கட்டை இறக்கக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்குக் கன்னம் சூடானது.

பந்திக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு வாத்து உள்ளே வந்தது. ரேஷன் கடை வாத்து. அலகில் ஒரு முழம் சணல் தொங்கியது. யாரும் அவசரப்படுத்தாத நடையில் வந்து, அவள் காலடியில் நின்று, நிமிர்ந்து பார்த்தது.

சம்பூர்ணம் கதவைப் பார்த்தாள். வாத்தைப் பார்த்தாள். ஏரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் திரும்பிப் போய்விடும், அறுநூறோடு அறுநூற்றொன்றாகக் கன்னியப்பன் மேய்த்துக்கொள்வான், அவள் உயிரோடு இருக்கும்வரை முப்பத்தேழு முப்பத்தேழாகவே இருக்கும்.

"ஏன், நேத்தே வர்றதுக்கு என்ன?" என்றாள் வாத்திடம்.

அப்புறம் அவள் யோசித்துப் பார்த்தாள். நாளைக்கு ரசத்தில் உப்பு கூடும். நாளை மறுநாள் அவன் டீசல் போட மறப்பான். சண்டை எங்கே போய் நிற்கும்? முப்பத்தேழு என்று அவள் சொல்ல, ஆமாம் முப்பத்தேழுதான் என்று அவன் ஒத்துக்கொண்டால், அதற்கப்புறம் இரண்டு பேரும் எதைச் சொல்லிச் சிரிப்பது?

அவள் சுருட்டி வைத்த குழாயை மறுபடி மாட்டினாள். இடப்பக்க ஓரத்தில், தேய்ந்த மூலை விட்டுப்போன மங்கல் கோட்டின்மேல், பாசிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே தண்ணீரோடு ஒரு இழுப்பு இழுத்தாள். வாத்து உட்கார்ந்தது. தண்ணீரில்லாமல் இரண்டு இழுப்பு. எழுந்து தள்ளி நின்று பார்த்தாள்: அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வாத்து, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பாசி.

வியாழக்கிழமை காலை தாலி ஏறியது. நாகசுரக்காரர் பாட்டை எடுத்தார். பூங்கோதை இந்தப் பக்கமும் மாப்பிள்ளை அந்தப் பக்கமும் மாலையோடு குனிந்து, உதடு அசைய எண்ணினார்கள். பாட்டு முடிந்ததும் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

"முப்பத்தேழு!" என்றாள் பூங்கோதை.

"முப்பத்தெட்டு!" என்றார் மாப்பிள்ளை.

குப்புராஜ்தான் முதலில் சிரித்தார், துண்டை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு மண்டபத்தின் சிரிப்பில் மேளச் சத்தம் கேட்கவில்லை.

தனபால் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். "பாத்தியா? குடியாத்தத்து மாப்பிள்ளை, வெளியூர்க்காரரு, அவருக்கே தெரியுது. முப்பத்தெட்டு!"

"அவருக்கு வாத்து எது, பாசி எதுன்னு தெரியல. முப்பத்தேழு."

"நீதானே உன் கையால ஒவ்வொண்ணா உட்கார வெச்சே? என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு பாக்கலாம்."

"உன் தலைல எதுக்கு? இருக்கிற நாலு முடியும் கொட்டிடும். கையால உட்கார வெச்சவ சொல்றேன், முப்பத்தேழு. போய்யா, இலையைப் போடு."

அவன் முப்பத்தெட்டு முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டே இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருமுறை கம்பளத்தைத் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்க ஓரத்தில், மங்கல் கோட்டில், பாசிக்கு வெளியே ஒரு முழம் சணல் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் காலால் அதை உள்ளே தள்ளிவிட்டு அவளும் சாப்பிடப் போனாள்.